கொடிக்கம்பியில் ஒரு தேன்சிட்டு

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் உள்ளது றொசல்ல. அங்கே லயத்து வாசலில், உடுப்புக் காயப்போடும் கம்பியில், சருகும் சிலந்தி வலையுமாக ஒரு பொட்டலம் தொங்கினால் ஒட்டடை என்று தட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. பக்கவாட்டில் சிறு துளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது தேன்சிட்டின் கூடாக இருக்கலாம்.

மலையகத்தில் பெரும்பாலும் காண்பது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. வடக்கிலும் உண்டு. ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, வயிறு மஞ்சள். வெயில் பட்டால் உச்சந்தலை பச்சையாக மின்னும். இன்னொன்று லோட்டன் தேன்சிட்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. இதன் அலகு மிக நீளம், நன்றாக வளைந்திருக்கும். ஆணின் வயிறு மண்ணிறம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கூட்டமாக வரும் பச்சைக் குருவி வேறு இனம். அதுவும் தேன் குடிக்கும்.

புத்தகங்கள் ஆணின் நிறத்தையே விரித்து எழுதுகின்றன. ஊதாப்பிட்டின் பெண்ணுக்கு அந்த மினுக்கம் இல்லை. முதுகு மங்கிய பழுப்பு, தொண்டை சாம்பல் வெள்ளை, வயிறு இளமஞ்சள். ஆனால் கூட்டைக் கட்டுவது பெரும்பாலும் அவள்தான். நாரையும் புல்லையும் சிலந்தி நூலால் பிணைத்துப் பைபோலத் தொங்கவிடுவாள். வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரம் வைப்பாள். வெளியே மரப்பட்டைத் துணுக்குகளையும் புழு எச்சத்தையும் ஒட்டுவாள். குப்பைபோலத் தெரிவதே கூட்டுக்குக் காவல். வழக்கமாக இரண்டு முட்டை. அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சுக்கு இரையூட்ட ஆணும் வரும். பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சு வளர்வது சிலந்தியிலும் பூச்சியிலும்.

அவுஸ்திரேலியாவில் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள தேனுண்ணிப் பறவைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் தேயிலைக்கு நிழல்தரும் கிரவில்லியா அங்கிருந்து வந்த மரம். அதன் செம்மஞ்சள் பூவில் அங்கே தேனுண்ணி குடிக்கிறது, இங்கே தேன்சிட்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம். தேனுண்ணியின் நாக்கு நுனி தூரிகைபோல இருக்கும், தேன்சிட்டின் நாக்கு குழாய்போல. செவ்வரத்தைப் பூவில் தேன்சிட்டு கொஞ்சம் களவும் செய்யும்: பூவின் அடியில் துளையிட்டு உறிஞ்சிவிடும்!

கூடு கண்டால் உடுப்புக்கு வேறு கயிறு கட்டுங்கள். கட்டிய வீட்டை விட்டு நடந்த நமக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. குஞ்சு பொரித்தபின் இரண்டு மூன்று வாரத்தில் பறந்துவிடும். அதுவரை பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்து, தாய் எத்தனை தடவை வருகிறாள், தகப்பன் எத்தனை தடவை என்று எண்ணச் சொல்லுங்கள்.