டாக் டாக் என்னும் இசைக்குழு

ஓர் இசைக்குழுவினர் ஒருவகைப் பாட்டினாற் புகழெய்தியபின் அவ்வகையை விட்டு வேறுவகையிற் பாடத் தொடங்குவாராயின், முன்னர்ப் போற்றியவர்களே பின்னர்த் தூற்றுதல் உலகியல்பு. கேட்டுப் பழகியதையே மீண்டும் கேட்க விழைவோரும், விற்ற சரக்கையே மீண்டும் விற்க விழைவோரும் மாறுதலை எளிதிற் பொறுப்பதில்லை. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டில் தோன்றிப் பத்தாண்டளவு நிலவிய 'டாக் டாக்' என்னும் பாப் இசைக்குழுவின் சரித்திரம் இவ்விஷயத்தை ஆராய்வதற்கு மிக ஏற்றது. அவர்கள் புதிதாக இயற்றி வெளியிட்ட இசைத்தொகுப்புக்கள் ஐந்தே. முதலாவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்துக் கேட்பவர், இரண்டும் ஒரே குழுவின் ஆக்கம் என்று சத்தியம் செய்து கூறினும் நம்பார்.

குழுவின் தலைவர் மார்க் ஹாலிஸ் என்னும் பாடகர். பால் வெப், லீ ஹாரிஸ், சைமன் பிரென்னர் என்போர் முறையே பேஸ் கிட்டாரும், டிரம்மும், கீபோர்டும் வாசித்தனர். முதற்றொகுப்பு 1982இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவரே அந்நாளிற் பெரும்புகழ் பெற்றிருந்த 'டுரான் டுரான்' குழுவுக்கும் தயாரிப்பாளர். அக்குழுவின் கச்சேரிகளில் இவர்கள் முன்பாட்டும் பாடினர். பெயரும் இரட்டித்து நின்றமையின், இவர்கள் அவர்களது நிழலே என்று பலர் கூறியதில் வியப்பில்லை. எனினும் ஹாலிஸின் குரலைச் செவிகொடுத்துக் கேட்டவர்கள் ஒரு வேற்றுமையை உணர்ந்திருத்தல் கூடும். ஆடரங்குக்கென இயற்றப்பட்ட தாளத்தின்மேலும் அக்குரல் துயருற்றான் ஒருவன் தனித்திருந்து பேசுவதுபோலவே ஒலிக்கும். பின்வந்த மாறுதல்கள் யாவற்றிலும் மாறாது நின்றது அக்குரல் ஒன்றே.

1983இல் பிரென்னர் விலகினார். டிம் ஃப்ரீஸ்-கிரீன் என்பவர் தயாரிப்பாளராகவும், பாட்டியற்றுவதில் ஹாலிஸுக்குத் துணைவராகவும் வந்தமைந்தார். 1984இல் வெளிவந்த 'இட்ஸ் மை லைஃப்' என்னும் தொகுப்பு தாய்நாட்டினும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலேயே மிகுதியும் கொண்டாடப்பட்டது. இதுகாறும் அவர்கள் இசையில் முதன்மை பெற்றிருந்தது சிந்தசைசர் என்னும் மின்கருவி. அதனைத் தாம் விரும்பிக் கையாளவில்லை என்றும், பல வாத்தியக்காரரை அமர்த்தப் பணமின்மையாற் கையாண்டதே என்றும் ஹாலிஸ் பின்னர்க் கூறினார். இக்கூற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பழைய நெறியை அவர் கைவிட்டார் என்று குறைகூறுவோர், அந்நெறி வறுமை காரணமாக மேற்கொள்ளப்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர்.

பணம் வந்தது, மின்கருவிகளும் பெரும்பாலும் அகன்றன. 1986இல் வெளியான 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' என்னும் தொகுப்பில் பியானோ, ஆர்கன், கிட்டார் முதலியன இடம்பெற்றன. சிறுவர் குரலும் கேட்கிறது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது எட்டாம் இடத்தை எய்தியது. அதன்கண் 'ஏப்ரல் ஃபிஃப்த்', 'கமீலியன் டே' என்னும் இரு பாட்டுக்கள் உள்ளன. தாளம் ஒடுங்கி, ஓசைக்கும் ஓசைக்கும் இடையே வெளி விட்டு நடப்பன அவை. அக்காலத்தில் அவற்றைப் பெரிதாகக் கருதினோர் சிலரே. வரவிருந்தது யாது என்பதற்கு அவையே அறிகுறி.

இனி 1988இல் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' என்பதைச் சற்று விரித்துக் கூறுவாம். முந்திய தொகுப்பின் வெற்றியாற் குழுவினருக்கு வேண்டிய பொருளும் காலமும் கிடைத்தன. லண்டன் மாநகரில், முன்னர் ஓர் ஆலயத்தைச் சார்ந்த மண்டபமாயிருந்த வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்திற் பல மாதங்கள் வேலை நடந்தது. விளக்குகள் அணைக்கப்பட்டன, எண்ணெயினூடே வண்ணவொளி பாய்ச்சும் கருவி ஒன்றின் அசைவொளியே அங்கு வெளிச்சம். வயலினில் வல்ல நைஜல் கென்னடி, டிரம்பெட் ஊதும் ஹென்றி லோதர், ஹார்மோனிகா வாசிக்கும் மார்க் ஃபெல்தம் போன்றோர் வரவழைக்கப்பட்டனர். அவரவர் மனம்போன போக்கில் நெடுநேரம் வாசிப்பர். அதிற் பெரும்பகுதி தள்ளப்படும். சிற்சில விநாடிகளே கொள்ளப்பட்டு உரிய இடத்திற் பதிக்கப்படும். இரண்டு சுரம் வாசிக்கப் புகுமுன் ஒரு சுரத்தைச் செவ்வனே வாசிக்கக் கற்கவேண்டும் என்பது ஹாலிஸின் கொள்கை.

அத்தொகுப்பிற் பாட்டுக்கள் ஆறு. முதல் மூன்றும் ஒன்றாய் இணைந்தொழுகுவன. தொடக்கத்தில் இரண்டு நிமிஷத்துக்கு மேலாக மெல்லிய ஓசைகளன்றி வேறொன்றும் எழுவதில்லை. யாம் முதன்முதற் கேட்டபொழுது கருவி பழுதுற்றதோ என ஐயுற்று ஒலியை மிகுத்தோம். பின்னர் எழுந்த பேரொலியால் அண்டை அறையினர் விழித்தெழ நேர்ந்தது! ஐந்தாம் பாட்டு ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளால் விளையும் அழிவைப் பற்றியது. அதிற் கண்டனமும் உபதேசமும் இல்லை. செம்ஸ்ஃபர்ட் பேராலயப் பாடகர் குழுவின் குரல் பனிபோல மெல்லப் படிகின்றது. இதனினும் உருக்கமான பாப் இசையை யாம் கேட்டதில்லை.

இத்தகைய தொகுப்பை விற்பது எவ்வாறு? குழுவினர் கச்சேரி செய்யவும் மறுத்தனர். ஈ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் பற்றி வழக்கு நிகழ்ந்து, முடிவில் அவர்கள் விடுபட்டு வேறு நிறுவனத்தைச் சார்ந்தனர். பழைய நிறுவனமோ 1990இல் 'இட்ஸ் மை லைஃப்' பாட்டை மீண்டும் வெளியிட்டது. 1984இல் தாய்நாட்டுப் பட்டியலில் 46ஆம் இடத்தோடு நின்ற அப்பாட்டு இம்முறை 13ஆம் இடத்துக்கு ஏறிற்று. தாம் விட்டொழித்த பாட்டு ஊரெங்கும் ஒலிக்க, குழுவினர் அதனினும் ஒடுங்கிய இசையை நாடியிருந்தனர். வணிகரை முற்றிலும் பழித்தல் எம் கருத்தன்று. ஆடற்பாட்டை விரும்பி வாங்கிய பல்லாயிரவர் கொடுத்த பணமே அவ்விருட்டறையின் செலவைத் தாங்கிற்று. அவர்கள் ஏமாற்றமுற்றதும் இயல்பே.

1991இல் வந்த 'லாஃபிங் ஸ்டாக்' ஐந்தாவதும் இறுதியுமாகும். பால் வெப் அதற்குமுன்னரே விலகிவிட்டார். சில இடங்களில் அது எம் பொறுமையைச் சோதிக்கின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் 'நியூ கிராஸ்' என்னும் பாட்டு ஏறக்குறைய பத்து நிமிஷம் ஒரே சீரான தாளத்தில் நடந்து, கேட்போரை அமைதியிற் கொண்டு சேர்க்கிறது. பின்னாளிற் போஸ்ட்-ராக் என்று பெயர் பெற்ற இசைவகைக்கு இவ்விரு தொகுப்புக்களும் முன்னோடி எனப் பலரும் ஒப்புகின்றனர். ஹாலிஸ் 1998இல் தம் பெயரால் ஒரு தொகுப்பு வெளியிட்டு, அதன்பின் இசையுலகை நீங்கி இல்வாழ்வில் அமைந்தார். 2019இல் தமது 64ஆம் வயதிற் காலமானார்.

புதிதாகக் கேட்க விரும்புவோர் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து தொடங்கி, முன்னும் பின்னும் செல்லுதல் நலம். இராக்காலத்தில், வேறு வேலையின்றி, விளக்கை அணைத்துக் கேட்க வேண்டும். இறுதித் தொகுப்பில் 'அசென்ஷன் டே' என்னும் பாட்டு முழக்கத்தின் நடுவே திடீரென அற்றுப்போகும். கருவி நின்றுவிட்டதென்று எழுந்து செல்லவேண்டா. அஃது அவ்வாறே வெட்டி நிறுத்தப்பட்டது.