ஒரே பேட்ச் பைல், வீட்டில் எல்லோருக்கும் பேக்அப்

எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தான். மகள் மீனாவுக்கும் மகன் ரவிக்கும் தனித்தனி யூசர் அக்கவுண்ட், தனித்தனி பென் டிரைவ். ஆளுக்கொரு பேக்அப் பைல் எழுதாமல், ஒரே பேட்ச் பைலில் வேலையை முடிக்கலாம். எப்படி எனப் பார்ப்போம். கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் தந்துள்ளேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடுங்கள்.

விண்டோஸ் சில தகவல்களுக்குப் பெயர் சூட்டி நினைவில் வைத்திருக்கும். இவற்றை என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் எக்கோ %யூசர்நேம்% எனக் கொடுத்தால், அப்போது கம்ப்யூட்டரில் நுழைந்துள்ளவரின் பெயர் கிடைக்கும். அது நீங்கள் நினைத்த பெயராக இல்லாமலும் இருக்கலாம். திரையில் வருவதையே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நோட்பேடைத் திறந்து இந்த வரிகளை எழுதுங்கள்.

செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்
செட் டிரைவ்_மீனா=இ:
செட் டிரைவ்_ரவி=எப்:
எக்ஸ்காப்பி "%யூசர்புரொபைல்%\பிக்சர்ஸ்" "!டிரைவ்_%யூசர்நேம்%!\படங்கள்" /எஸ் /ஐ /டி /ஒய்

சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் அந்த இடைவெளியும் பெயரிலோ மதிப்பிலோ சேர்ந்துவிடும். சேவ் செய்திடுகையில் ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரின் இறுதியில் .பேட் எனக் கொடுங்கள்.

நான்காவது வரியில்தான் சூட்சுமம் உள்ளது. விண்டோஸ் ஒரு வரியைப் படிக்கும்போதே சதவீதக் குறிகளுக்குள் இருப்பதை மாற்றிவிடும். மீனா நுழைந்திருந்தால் அது !டிரைவ்_மீனா! என்றாகும். ஆச்சரியக் குறிகளுக்குள் இருப்பதை அதன் பிறகே பார்க்கும். அப்போது இ: கிடைக்கும். வேரியபிளின் பெயரே ஆளுக்கு ஏற்ப உருவாகிறது. முதல் வரி இல்லாவிட்டால் ஆச்சரியக் குறி வேலை செய்யாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நான் அனுபவித்தது. ரவிக்கு அக்கவுண்ட் தொடங்கியபோது அவனுக்கான செட் வரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். பேட்ச் பைலில், இல்லாத வேரியபிள் பிழை எதுவும் காட்டாது, வெறுமையாகிவிடும். எனவே சேருமிடம் "\படங்கள்" என்றானது. அதாவது சி டிரைவிலேயே ஒரு போல்டர்! பைல்கள் காப்பி ஆயின என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வந்ததால் நிம்மதியாக இருந்தேன். ஹார்ட் டிஸ்க் பழுதானபோது அசலும் நகலும் சேர்ந்தே போயின. ரவியின் பள்ளிச் சுற்றுலாப் படங்கள் திரும்பவில்லை.

தடுக்க ஒரே வரி போதும். எக்ஸ்காப்பி வரிக்கு மேலே இதைச் சேருங்கள்.

இஃப் நாட் டிபைன்ட் டிரைவ்_%யூசர்நேம்% எக்கோ டிரைவ் தரப்படவில்லை & பாஸ் & எக்ஸிட் /பி

இனி பெயர் விடுபட்டால், பைல் எதையும் காப்பி செய்யாமல் நின்று சொல்லும். யூசர் பெயரில் இடைவெளி இருந்தால் இந்த வரி தடுமாறும். எனவே அக்கவுண்ட் தொடங்கும்போதே ஒரே சொல்லாகப் பெயர் வையுங்கள்.

அழிக்கும் கட்டளைகளில் இம்முறையைப் பயன்படுத்தவே வேண்டாம். வேரியபிள் வெறுமையானால் டிரைவின் தலைப்பகுதியிலேயே கை வைத்துவிடும். பேக்அப் முடிந்ததும் பென் டிரைவைத் திறந்து, இரண்டு படங்களையாவது பார்த்துவிடுங்கள். திரையில் வரும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள்.