ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... அப்புறம் ஏன் கரு உண்டாகவில்லை? 1 மி.மீ. புழுவில் கிடைத்த துப்பு

எண்ணிக்கை ஓகே. நகர்வு ஓகே. வடிவமும் ஓகே. குழந்தைக்காக டாக்டரிடம் போகும் பல தம்பதிகளுக்குக் கிடைக்கும் பதில் இதுதான்: "ரிப்போர்ட்ல ஒண்ணும் பிரச்னை இல்லையே!" கணவர் நிம்மதியாக வெளியே வருவார். பழி, பெரும்பாலும் மனைவி தலையில் விழும்.

உலகில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது குழந்தையின்மைச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொன்னது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு எல்லா டெஸ்ட் எடுத்தும் காரணம் தெரிவதில்லை. ஏன்? வழக்கமான விந்துப் பரிசோதனை, விந்தணு முட்டை வரை போய்ச் சேருமா என்பதைத்தான் கணிக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு முட்டையோடு ஒட்டி, இரண்டின் சவ்வுகளும் இணைந்து ஒன்றாகுமா என்பதை அது பார்ப்பதே இல்லை.

அந்தக் கடைசி நொடியில் என்ன நடக்கிறது என்பதைப் படிக்க, விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்த உயிர்களில் ஒன்று சி. எலிகன்ஸ் என்ற புழு.

ஏன் புழு?

ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா? அதைக் கெடுத்துவிட்டு, என்ன நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். மரபியலின் பழைய வழி இது. ஆனால் கருவுறுதலுக்கான ஜீனைக் கெடுத்தால் வாரிசே இருக்காது. ஆராய்ச்சி செய்ய வேண்டிய உயிர் ஒரே தலைமுறையில் முடிந்துபோகும். தடயமே தன்னை அழித்துக்கொள்கிற கேஸ்!

இங்கேதான் புழு உதவுகிறது. சி. எலிகன்ஸ் மண்ணிலும் அழுகும் பழங்களிலும் வாழ்வது. நீளம் சுமார் 1 மி.மீ., கண்ணாடி மாதிரி உடம்பு, மூன்று நாளில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி. 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்து லேபுக்குள் கொண்டுவந்தார். 2002-ல் அவருக்கும், இதே புழுவில் வேலை பார்த்த இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

இந்தப் புழுக்களில் பெரும்பாலானவை இருபாலிகள். உடம்பு பெண்ணுடையது. ஆனால் வளரும்போது முதலில் சுமார் 300 விந்தணுக்களைத் தயாரித்துச் சேமித்துக்கொள்ளும். பிறகு முட்டை உற்பத்திக்கு மாறிவிடும். தன் முட்டைக்குத் தன் விந்தணுவே போதும். ஆண் புழுவும் உண்டு, ஆனால் ரொம்ப அபூர்வம். ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ.

இப்போது விந்தணு ஜீன் ஒன்று கெட்டுப்போன இருபாலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இடுவது ஓடுள்ள நல்ல முட்டையாக இருக்காது. பழுப்பான, வடிவமற்ற உருண்டைகளாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதன் பக்கத்தில் ஆரோக்கியமான ஆண் புழுவை விட்டுப் பார்ப்பார்கள். குட்டிகள் வந்தால், முட்டையில் குறை இல்லை, சொந்த விந்தணுவில்தான் குறை என்று அர்த்தம். வரவில்லை என்றால் பிரச்னை முட்டையிலோ வேறு எங்கேயோ. இந்த ஒரே கலப்பில் குறை எங்கே என்பதும் தெரிந்துவிடும், கெட்ட ஜீன் அடுத்த தலைமுறைக்குப் போய் ஆராய்ச்சியும் தொடரும்.

நம் வீடுகளில் யாரையும் கேட்காமலே தீர்ப்பு சொல்லப்படும் கேள்வி இது. புழுவுக்கு ஒரு வாரத்துக்குள் விடை கிடைத்துவிடுகிறது.

எல்லாம் சரி, ஆனால் எதுவும் நடக்கவில்லை

இப்படிச் சிக்கியதுதான் எஸ்பிஇ-9 என்ற ஜீன். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-ல் அதை விவரித்தார்கள். இந்த ஜீன் கெட்ட புழுவிலும் விந்தணு நன்றாகவே உருவாகிறது. புழுவின் விந்தணுவுக்கு வால் கிடையாது, அமீபா மாதிரி ஊர்ந்து போகும். அதுவும் ஒழுங்காக நடக்கிறது. முட்டையைப் போய்த் தொடவும் செய்கிறது. அதோடு சரி. கருவுறுதல் மட்டும் நடப்பதில்லை. விந்தணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய ஒரு புரதம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் புழுவுக்கு ஒரு விந்துப் பரிசோதனை எடுத்திருந்தால்? 'நார்மல்' என்றுதான் வந்திருக்கும்.

புழு வேற, மனுஷன் வேற இல்லையா?

நியாயமான கேள்வி. வால் இல்லாத விந்தணுவில் பார்த்ததை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. புழுதான் எல்லாவற்றையும் முதலில் சொன்னது என்றும் இல்லை. 2005-ல் ஜப்பானின் ஒசாகாவில், எலி விந்தணுவில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து இசுமோ என்று பெயர் வைத்தார்கள். திருமண வரத்துக்குப் பேர்போன ஜப்பானியக் கோயிலின் பெயர் அது. இசுமோ இல்லாத ஆண் எலியின் விந்தணு நீந்துகிறது, முட்டையின் வெளி உறையையும் துளைக்கிறது, ஆனால் முட்டையோடு இணைவதில்லை. முட்டைப் பக்கத்தில் இசுமோவைப் பிடித்துக்கொள்ளும் ஜூனோ புரதம் 2014-ல் பிரிட்டனில் தெரியவந்தது. அடுத்த வருடமே, இசுமோவைப் போன்ற பகுதி கொண்ட எஸ்பிஇ-45 என்ற ஜீன் புழுவிலும் அகப்பட்டது. 2024-ல் வியன்னா குழு ஒன்று, செயற்கை நுண்ணறிவின் கணிப்பை வைத்து இசுமோவின் கூட்டாளிப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தது. அதைச் சோதித்தது வரிக்குதிரை மீனிலும் எலியிலும்.

இதில் தம்பதிகளுக்கு என்ன பயன்? ஒசாகா ஆய்விலேயே ஒரு விடை இருந்தது. இசுமோ இல்லாத விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தியபோது குட்டிகள் பிறந்தன. மனிதர்களுக்குச் செய்யும் இக்ஸி சிகிச்சையும் இதே மாதிரிதான். சவ்வுகள் இணையும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஐயுஐ அப்படி இல்லை. அது விந்தணுவைக் கருப்பைக்குள் கொண்டுபோய் விடும், மீதியை விந்தணுவேதான் செய்ய வேண்டும். இணையவே முடியாத விந்தணுவுக்கு எத்தனை முறை ஐயுஐ செய்தாலும் பலன் இருக்காது.

அதனால் ஐவிஎஃப் ஒன்று தோற்றுப்போனால், "சக்சஸ் ஆகலை" என்ற ஒற்றை வார்த்தையோடு வந்துவிடாதீர்கள். முதிர்ந்த முட்டைகள் எத்தனை, அவற்றில் எத்தனை கருவுற்றன என்று டாக்டரிடம் கேளுங்கள். கருவுற்றுப் பிறகு கருப்பையில் ஒட்டாமல் போவது ஒரு பிரச்னை. ஒன்றுகூடக் கருவுறவில்லை என்பது முற்றிலும் வேறு பிரச்னை. அதற்கான அடுத்த சிகிச்சையும் வேறு.