லினக்ஸில் வலையமைப்புப் பகிர்வை ஏற்றும்போது கோப்பு உரிமை அமைத்தல்

வலையமைப்புப் பகிர்வை ஏற்றுதல் (மவுண்ட்) என்பது வேறொரு கணினியிலுள்ள கோப்புறையை, சொந்த வட்டில் இருப்பதுபோல லினக்ஸ் கணினியின் ஓர் அடைவில் இணைப்பதாகும். அக்கோப்புகள் யாருக்கு உரியவை என்பதை லினக்ஸ் பெயரால் அல்ல, பயனர் எண்ணால் (யூஐடி) அறிகிறது. நிர்வாகியான ரூட்டின் எண் 0. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில், நிறுவும்போது உருவாகும் முதல் பயனரின் எண் 1000.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இதுவும் தரப்பட்டது. குருவிகுளம் போன்ற ஊர்களின் மாணவர்களுக்கும் இரு இயங்குதளங்களுக்கிடையே கோப்புகளைப் பரிமாறும் தேவை இவ்வாறு வந்து சேர்ந்தது.

விண்டோஸ் அல்லது சாம்பா பகிர்வை ஏற்ற சிஐஎஃப்எஸ் பயன்படுகிறது. இதன் அடிப்படை நெறிமுறையில் லினக்ஸ் பயனர் எண்ணுக்கு இடமில்லை. ஏற்றும் கட்டளைக்கு ரூட் அதிகாரம் தேவை என்பதால், வேறு குறிப்பு இல்லாவிடில் எல்லாக் கோப்புகளும் ரூட்டுக்கு உரியவையாகத் தோன்றும். மாணவர் கோப்பைத் திறந்து படிக்கலாம். சேமிக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையும் பொதுவாக இங்கே உதவாது. பிழை எதுவும் காட்டாமல் முடியும், ஆனால் எதுவும் மாறியிருக்காது. பலர் மணிக்கணக்கில் தடுமாறுவது இங்கேதான்.

தீர்வு ஏற்றும்போதே தரப்பட வேண்டும். மவுண்ட் கட்டளையின் விருப்பங்களில் யூஐடி=1000, ஜிஐடி=1000 என்று (ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்) சேர்த்தால் கோப்புகள் அப்பயனருக்கு உரியவையாகும். தன் எண்ணை அறிய 'ஐடி' கட்டளை போதும். ஃபைல்_மோட்=0644, டிர்_மோட்=0755 ஆகியவை அனுமதிகளை வரையறுக்கும். சிலர் 0777 என்று எழுதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறார்கள். அக்கணினியில் நுழையும் எவரும் கோப்புகளை அழிக்கலாம் என்பதே அதன் பொருள். ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் பகிர்வு தானாக ஏற, இதே விருப்பங்களை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதலாம். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதக் கூடாது, அது எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பு. ரூட் மட்டுமே படிக்கும் தனிக் கோப்பில் அதை வைத்து, 'கிரெடென்ஷியல்ஸ்' விருப்பத்தால் சுட்டலாம்.

இவை கணினியில் தெரியும் உரிமையை மட்டுமே மாற்றுகின்றன. பகிர்வில் நுழைந்த கணக்குக்கு எழுதும் அனுமதி சேவையகத்தில் இல்லையெனில், எந்த எண்ணைக் கொடுத்தும் பயனில்லை.

லினக்ஸ் கணினிகளுக்கிடையே பயன்படும் என்எஃப்எஸ் முறையில் யூஐடி விருப்பம் கிடையாது. வழக்கமான அமைப்பில் பயனர் எண்ணே நேராகச் சேவையகத்துக்குச் செல்லும். ஐந்து மடிக்கணினிகளிலும் முதல் பயனரின் எண் 1000 என்றால், சேவையகத்தின் கண்ணில் ஐவரும் ஒருவரே. ஒருவர் எழுதிய செய்முறைப் பதிவை மற்றவர் அழித்துவிட முடியும். ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒதுக்கி, அதையே எல்லாக் கணினிகளிலும் பின்பற்றுவது இதற்கு ஓரளவு தீர்வு. ரூட்டாக வருபவரை உரிமையற்ற பயனராக மாற்றும் 'ரூட் ஸ்குவாஷ்' ஏற்பாடு சேவையகத்தில் இயல்பாகவே இயங்கும். அதை நிறுத்தாமல் விடுவது நல்லது.