ஆயிரம் பேரின் ஐயம்

2010ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரு ஊர்களில் ஈர்ப்பலைகளை எதிர்நோக்கியிருந்த லைகோ கருவிகளில் ஒரு சமிக்ஞை பதிவாயிற்று. பெருநாய் என்னும் நட்சத்திர மண்டலத்தின் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியமையால் அதற்கு அப்பெயரே செல்லமாக வழங்கலாயிற்று. ஐன்ஸ்டைன் 1916இல் அனுமானித்ததும், அதுவரை எக்கருவிக்கும் சிக்காததுமான அலை அதுவாகவே இருக்கலாம் என்பதனால், நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் அதனைப் பகுத்தாராய்ந்து, வெறும் இரைச்சலே தற்செயலாய் அவ்வுருவெடுத்திருக்கக் கூடுமோ என்று கணக்கிட்டு, ஆய்வுக் கட்டுரையையும் எழுதி ஆயத்தமாக வைத்தனர். மறுவருஷம் மார்ச் மாதம் கலிபோர்னியாவில் ஆர்கேடியா நகரில் அவர்கள் கூடியபோதுதான், அது விண்ணிலிருந்து வந்ததன்று, தம்முள் மிகச் சிலர் கருவியின் கண்ணாடிகளை ரகசியமாக அசைத்து உண்டாக்கிய போலி என்பது வெளியிடப்பட்டது. இப்படிப்பட்ட சோதனை எந்நேரமும் வரலாம் என்று முன்னமே அறிந்து, அதற்கு உடன்பட்டே அவர்கள் உழைத்துவந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெருவியப்பைத் தருகிறது.

அந்த உடன்பாட்டிற்குத் தக்க காரணம் இருந்தது. ஜோசப் வெபர் என்னும் மேரிலாந்துப் பேராசிரியர், அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பலையைக் கண்டுவிட்டதாக 1969இல் அறிவித்தார். பிற ஆய்வுக்கூடங்கள் எவ்வளவு முயன்றும் அதனைக் காண இயலவில்லை. லைகோவிலோ, கருவியின் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கரம் புரோட்டானின் குறுக்களவில் மிகச் சிறியதொரு பங்கே நீண்டு குறுகுவதை அளந்தாக வேண்டும். அத்துணை நுண்ணிய அசைவை, காண விழையும் மனம் தானாகவே கற்பித்துக்கொண்டுவிடும். ஆகவே, ஒருவரது ஆசையை மற்றவரது ஐயம் தடுத்து நிறுத்தும்படி ஒரு சபையை அமைத்துக்கொள்வதே விவேகம் என்று அவர்கள் கண்டார்கள்.

2015 செப்டம்பர் 14 அன்று, மெய்யான அலை முதலில் லிவிங்ஸ்டனையும் ஏறத்தாழ 7 மில்லி செகண்டு கழித்து ஹான்ஃபோர்டையும் கடந்து சென்றது. ஜெர்மனியின் ஹானோவரில் அதனை முதன்முதலாகக் கணினித் திரையில் கண்ட மார்க்கோ டிராகோ என்னும் இளம் ஆய்வாளர், இதுவும் எவரோ புகுத்திய போலியாகவே இருக்கும் என்றெண்ணிச் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து லிவிங்ஸ்டனுக்குத் தொலைபேசியில் விசாரித்தார். எதுவும் புகுத்தப்படவில்லை என்று தெரிந்த பின்னரும், விஷமி எவனேனும் கருவிகளில் கைவைத்திருப்பானோ என்பதுவரை துருவி ஆராய்ந்த பிறகே, 2016 பிப்ரவரி 11ஆம் தேதி முடிவை உலகறியச் செய்தனர்.

அம்முடிவை வெளியிட்ட கட்டுரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள், பதவி வேறுபாடு பாராது, எழுத்து வரிசையில் நிற்கின்றன; அலை வந்து சேருமுன்பே காலஞ்சென்றவர்களும் அவர்களுள் உண்டு. 2017ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசோ, மூவருக்கு மேல் பங்கிடலாகாது என்னும் விதியின்படி லைகோ விஞ்ஞானிகளான வைஸ், பேரிஷ், தோர்ன் ஆகியோருக்கே சென்றது. அம்மூவரும் அதற்கு முற்றும் தகுதியுடையவர்களே. ஆயினும், சமாதானப் பரிசை ஸ்தாபனங்களுக்கு வழங்கத் தயங்காத நோபெல் மரபு, பௌதிகத்திலும் ஒரு சபைக்கு அதனை அளிக்க இடந்தந்தாலன்றி, இன்றைய விஞ்ஞானம் நடைபெறும் விதத்தை அது அறிந்ததாகாது என்பதே என் அபிப்பிராயம்.