பந்தும் ஏடும்

"விளையாட்டு சோறு போடுமா?" என்று பிள்ளையைக் கேட்காத பெற்றோர் நம்மிடையே மிகச் சிலர். பட்டம் பெறுவதற்காக ஊரைவிட்டு இத்துணைத் தொலைவு வந்திருக்கும் நம்மில், மாலைதோறும் பந்தாட்டக் களத்திற்குச் செல்வோர் நெஞ்சில் அக்கேள்வி உறுத்திக்கொண்டேயிருக்கும். ஆட்டமே வாழ்வென்று ஏட்டை மூடி வைத்தவர்களும் உண்டு. இவ்விரு சாராரும் அறியத்தக்கது, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் பிராட்லியின் வரலாறு.

அவர் 1943-இல் மிசௌரி மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளி நாட்களில் காலணிக்குள் ஈயத் துண்டுகளை இட்டுக்கொண்டு குதித்துப் பழகினார். நாற்காலிகளை எதிரிகளாக நிறுத்தி அவற்றினிடையே பந்தைத் தட்டிச் சென்றார். பந்தைப் பாராமலே தட்டப் பழகும்பொருட்டு, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பகுதியை அட்டையால் மறைத்துக்கொண்டார்.

எழுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உதவித்தொகை தர முன்வந்தன. அவரோ பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தைத் தேர்ந்தார். ஆட்டத் திறமைக்கென்று உதவித்தொகை வழங்கும் வழக்கம் அங்கே இல்லை. தந்தை வங்கித் தலைவராதலின் சம்பளம் கட்டும் வசதி இருந்தது. எல்லார்க்கும் இது வாய்ப்பதன்று. எனினும், வசதியுள்ளோர் எல்லாரும் இவ்வாறு தேர்ந்துவிடுவதும் இல்லை.

கல்லூரி அணிக்காக ஆடிய 83 ஆட்டங்களில் அவர் எடுத்த புள்ளிகள் 2,503. இடையே 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் ஆடினார். 1965-இல் நாடளாவிய கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் பிரின்ஸ்டன் தோற்றது. மறுநாள் மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் அவர் ஒருவரே 58 புள்ளிகள் குவித்தார். அணி வாகை சூடாவிடினும், போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பெருமை அவருக்கே கிடைத்தது. பட்டப் படிப்பின் இறுதியாண்டில், 1940-இல் ட்ரூமன் நடத்திய செனட் தேர்தல் பணியைக் குறித்து ஆய்வேடும் எழுதினார்.

நியூயார்க் நிக்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை விரும்பித் தேர்ந்தது. அவரோ ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கச் சென்றார். 1967-இல்தான் நிக்ஸ் அணியில் சேர்ந்தார். முதலில் கொடுத்த இடம் அவருக்குப் பொருந்தவில்லை, பார்வையாளர் எள்ளினர். ஆடும் இடம் மாறியபின் நிலைபெற்றார். 1970-இலும் 1973-இலும் வாகை சூடிய அவ்வணியில் அவர் ஒரு தூணாக நின்றார்.

1977-இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 33. ஏனைய துறைகளில் மனிதன் தலையெடுக்கும் வயதில் ஆட்டக்காரனின் தொழில் முடிந்துவிடுகிறது! ஏட்டை மூடாதவராதலின் பிராட்லி திகைத்து நிற்கவில்லை. 1979 முதல் 1997 வரை நியூஜெர்சி மாநிலத்தின் சார்பில் செனட் சபையில் அமர்ந்தார். 1986-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் உருவாக முன்னின்று உழைத்தார். 2000-இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத் தம் கட்சியின் வேட்பாளராக முயன்று, அல் கோரிடம் தோற்றார்.

நண்பர்களே, நாம் எல்லாரும் பிராட்லி ஆகிவிட முடியாது. ஆயினும் நாற்காலிகளினூடே நாள்தோறும் பந்து தட்டிய அப்பொறுமை, வரிச் சட்டத்தின் நுணுக்கங்களோடு போராடவும் அவருக்குத் துணை நின்றிருக்கும் அன்றோ? ஆகவே மாலையில் களத்திற்குச் செல்லுங்கள். அங்கே கற்ற ஒழுங்கை இரவில் நூலகத்திற்கும் கொண்டு செல்லுங்கள். வீட்டார் கேட்கும் கேள்விக்கு நாம் தரத்தக்க விடை அதுவே.