ஆளுமுன் அறிதல்

ஒரு கல்விச்சாலைக்கோ பணிமனைக்கோ புதிதாகத் தலைமை தாங்க வருபவர் முதற்கண் செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு உலகத்தார் பலவாறு விடை கூறுவர். பழைய ஒழுங்குகளை மாற்றிப் புதிய விதிகளை வகுத்தலே தலைமைக்கு அழகு என்பர் ஒருசாரார். இன்சொற் கூறி எல்லார்க்கும் நல்லவராதலே போதும் என்பர் மற்றொரு சாரார். திருக்குறட் பொருட்பாலின் அதிகார வைப்பை உற்று நோக்குவார்க்கு இவ்விரண்டினும் வேறாயதொரு விடை புலனாகும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அறிதலைப் பற்றிய அதிகாரங்கள் முன்னே நிற்கின்றன. அவற்றின்பின் சுற்றந்தழால் வருகின்றது, அதன்பின் பொச்சாவாமை, அதற்கும் பின்னரே செங்கோன்மை. முதலில் அறிக, பின்னர்த் தழுவுக, தழுவியபின் மறவாதிருக்க, அதன்பின் ஆள்க என்பதே இவ்வைப்பினால் நாம் கொள்ளும் கருத்து. அரசர்க்கு உரைத்த இம்முறை கல்விச்சாலைத் தலைவர்க்கும் எங்ஙனம் பொருந்தும் என்பதனை ஒருவர் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அதற்குமுன், அறியத்தக்க பொருள் யாது என்பதைத் தெளிதல் வேண்டும். ஒவ்வொரு பணியிடத்திலும் எழுதிய விதிகள் சில உள. எழுதாத வழக்கங்கள் பல உள. எழுதிய விதிகளை ஒரு நாளிற் படித்துவிடலாம். எவர் பேசினால் பிறர் செவி சாய்க்கின்றனர், எவர் குறை கேட்பாரற்றுப் போகின்றது, எவ்வேலையை மக்கள் இழிவென்று எண்ணுகின்றனர், எதனைப் பெருமையெனக் கொள்கின்றனர் என்பன எந்த ஏட்டிலும் காணப்படா. இவ்வழக்கங்களின் தொகுதியே அவ்விடத்தின் பண்பாடாம். உடனிருந்து கண்டும் கேட்டுமே அஃது அறியப்படும்.

அங்ஙனம் கண்டும் கேட்டும் தம் பணியைத் தொடங்கியவர் புக்கர் வாஷிங்டன் என்பார். அவர் 1856-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வர்ஜீனியாவில், ஓர் அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல் விடுதலை பெற்றபின், பெருமுயற்சியால் ஹாம்ப்டன் கல்விச்சாலையை அடைந்து கற்று, அங்கேயே ஆசிரியருமாயினார். அலபாமா நாட்டு டஸ்கீகி என்னும் சிற்றூரில், கறுப்பு மக்களுள் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கு ஒரு பள்ளி வேண்டுமென இருவர் முயன்றனர். ஒருவர் முன்னாள் அடிமையும் கைத்தொழில் வல்லவருமாகிய லூயிஸ் ஆடம்ஸ். மற்றவர் முன்பு அடிமைகளை உடையவராயிருந்த வெள்ளை வணிகர் ஜார்ஜ் காம்பெல். தலைமைக்கு ஒருவரை அனுப்புமாறு ஹாம்ப்டன் தலைவர் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கடிதம் செல்ல, அவர் வாஷிங்டனை அனுப்பினார். அப்போது வாஷிங்டனுக்கு வயது இருபத்தைந்து.

1881-ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் அவ்வூரை அடைந்தபொழுது பள்ளி இல்லை, கட்டடம் இல்லை, நிலமும் இல்லை. ஆசிரியர் சம்பளத்திற்கென ஆண்டுக்கு 2,000 டாலர் அரசு ஒதுக்கியிருந்தது. அதனைக் கட்டடத்திற்கோ நிலத்திற்கோ செலவிடல் ஆகாது. இந்நிலையில் மற்றொருவராயின் பாடத்திட்டம் வரைந்துகொண்டு அமர்ந்திருப்பர். வாஷிங்டனோ அம்முதல் திங்களின் பெரும்பகுதியைச் சிற்றூர்களில் அலைந்து கழித்தார். மக்களின் குடிசைகளில் உண்டார்; அவர்களோடு உறங்கினார்; அவர்களுடைய வயல்களையும் பள்ளிகளையும் கோயில்களையும் பார்த்தார். முன்னறிவிப்பின்றிச் சென்றமையால், விருந்தினர்க்கெனப் புனைந்த வாழ்வைக் காணாது, அவர்களுடைய அன்றாட வாழ்வையே கண்டார்.

கண்டது யாது? ஒரே அறையில் குடும்பம் முழுதும் உறங்கும். வாசற்படி வரையிற் பருத்தி விளையும். காய்கறிக்கோ ஒரு பாத்தியும் இராது. கொழுத்த பன்றியிறைச்சியும் சோள ரொட்டியுமே உணவு. ஒரு வீட்டில் உண்ண அமர்ந்தவர் ஐவர். அவர்க்கு இருந்த முட்கரண்டி ஒன்றே. அதே வீட்டின் மூலையில், 60 டாலர் விலையுள்ள ஆர்கன் என்னும் இசைக்கருவி தவணைக் கடனில் வாங்கப்பட்டு நின்றது. அழுக்கடைந்த ஓரறைக் குடிசையில், சுற்றிலும் களை மண்டிக் கிடக்க, ஓரிளைஞன் பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்தான். இக்காட்சிகளைக் கண்டு அவர் அம்மக்களை எள்ளினாரல்லர். ஆர்வம் மிக உண்டு, வழி காட்டுவார் இலர் என்றே உணர்ந்தார். பிற ஊர்ப் பள்ளிகளின் பாடங்களை அப்படியே பெயர்த்து நடுதல் வீண் என்பதும், நூலறிவோடு தூய்மையும் கைத்தொழிலும் கற்பித்தல் வேண்டும் என்பதும் அப்பொழுதே அவர் உள்ளத்தில் வேரூன்றின. டஸ்கீகியின் கல்விமுறை அக்குடிசைகளிற் பிறந்தது என்று கூறின் மிகையாகாது.

சூலை 4-ஆம் நாள் முப்பது மாணாக்கரோடு, இடிந்ததொரு கொட்டிலில் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்யும்போது ஒரு மாணாக்கர் தலைவர்மேற் குடை பிடிக்க, அவர் பாடம் கேட்பார். சின்னாளில் ஊர்ப்புறத்தே ஏறக்குறைய நூறு ஏக்கர் கொண்ட பழம்பண்ணை ஒன்று 500 டாலருக்குக் கிடைத்தது. அதனைத் திருத்திப் பயிரிடுக என்ற அளவில் மாணாக்கர் முகஞ் சுளித்தனர். அவருட் பலர் முன்பே சிறுபள்ளிகளில் ஆசிரியராயிருந்தவர். நிலம் வெட்டுதல் அடிமை வாழ்வின் அடையாளம். கல்வியோ அதனினின்று தப்பும் வழி என்பது அவர்களுடைய எழுதாத வழக்கம். வாஷிங்டன் அவர்களைக் கடிந்துரைத்திலர். வகுப்பு முடிந்ததும் தாமே கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டை நோக்கி நடந்தார். தலைவர் அஞ்சாமலும் நாணாமலும் உழைத்தலைக் கண்ட மாணாக்கர் தாமும் பின்தொடர்ந்தனர். இருபது ஏக்கர் நிலம் திருந்திற்று. ஒரு பணியிடத்தின் வழக்கத்தை மாற்ற விரும்பும் தலைவர் அம்மாற்றத்தைத் தம் உடம்பிலே முதலிற் காட்டுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அயலாரோடு உறவு வளர்த்த முறையும் அறியத்தக்கது. கல்வி பெற்ற கறுப்பர் வயலை விட்டு ஓடிவிடுவர் என்று வெள்ளையருட் பலர் அஞ்சினர். அவ்வச்சத்தைச் சொற்பொழிவாற் போக்க வாஷிங்டன் முயன்றாரல்லர். ஊரிற் செங்கல் சூளை இல்லை என்பதனைக் கண்டார். பள்ளிக்கும் செங்கல் வேண்டும். மாணாக்கர் முழங்கால் அளவு சேற்றில் நின்று செங்கல் அறுத்தனர். முதற் சூளை பழுதாயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் அங்ஙனமே. கையிற் பொருளில்லாமையால் தம் கடிகையை மான்ட்கமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் முறை முயன்றார், வெற்றி கிட்டிற்று. கடிகை மீளவில்லை. ஆயினும், பள்ளியின்மேற் பற்றில்லாத வெள்ளையரும் நல்ல செங்கல் வேண்டி அங்கே வந்தனர். வாங்க வந்தவர் பேசினர், பேசியவர் பழகினர். ஒருவர்க்கொருவர் பயன்படுதலால் முளைத்த உறவு வெறும் முகமனால் வரும் உறவினும் உறுதியுடையதாயிற்று. உடன் பணியாற்றிய ஒலிவியா டேவிட்சன் அம்மையாரும் வெள்ளையர், கறுப்பர் என்னும் வேறுபாடின்றி வீடுதோறும் சென்று, பள்ளிக்கு நிதி திரட்டும் விருந்துக்கென உணவுப் பொருள்களை வேண்டிப் பெற்றார். இவையெல்லாம் சுற்றந்தழுவிய முறை எனலாம்.

இனி, பள்ளிக்குள் நடந்ததனைக் காண்போம். உணவுவிடுதி தொடங்கிய நாட்களில் அடுப்பும் இல்லை, கலங்களும் போதா. ஒரு நாட் காலை, வாஷிங்டன் உணவறை வாயிலருகே நின்று மாணாக்கரின் முறையீடுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையுணவு கிடைக்கப் பெறாத ஒரு பெண் தண்ணீராவது குடிப்போம் என்று கிணற்றடிக்குச் சென்றாள். கயிறும் அறுந்து கிடந்தது. இப்பள்ளியிற் குடிக்க நீரும் இல்லையே என்று, தலைவர் அருகில் நிற்பதை அறியாமல், மனம் நொந்து கூறினாள். அச்சொல்லைப்போல் தம்மைத் தளர்வித்த சொல் பிறிதில்லை என்று 1901-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். பிற்காலத்தே பள்ளி பெருகியபின், ஆண்டிற் பன்முறை மாணாக்கர் ஒவ்வொருவரும் பள்ளியின் குறைகளையும் தம் கருத்துக்களையும் தமக்கு நேரே எழுதுமாறு செய்தார். 1892 முதல் உழவர் மாநாடு ஒன்றையும் ஆண்டுதோறும் கூட்டி, கல்லாத உழவரே எழுந்து தம் நிலையை உரைக்கச் செய்தார். தலைமை உயர உயரச் செவிக்கு எட்டும் உண்மை குறையும்; அதனை எட்டச் செய்வதற்குத் தலைவரே வழியமைத்தல் வேண்டும்.

ஆயினும், இவ்வரலாற்றிற் புகழ்ச்சியன்றிப் பிறிதில்லை எனக் கூறுதல் உண்மைக்கு மாறாம். 1896-இல் டஸ்கீகிக்கு வந்த அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்கும் தலைவர்க்கும் கோழிப்பண்ணை நடத்துதல் முதலியவற்றைக் குறித்துப் பிணக்குகள் எழுந்தன. கார்வர் விலகிவிடுவதாகவும் பன்முறை எழுதினார். எனினும் 1943-இல் இறக்கும்வரை அவ்விடத்தை விட்டு நீங்கினாரல்லர். இது சிறு குறை. பெருங்குறை வேறொன்றுண்டு. வெள்ளையரின் நட்பை இழவாமைப் பொருட்டு, கறுப்பு மக்களின் வாக்குரிமையையும் சம உரிமையையும் பற்றி வாஷிங்டன் வெளிப்படையாக வற்புறுத்தாது, பொறுத்திருக்குமாறு 1895-இல் அட்லாண்டா நகரிற் பேசினார். 1901-ஆம் ஆண்டு அலபாமா அரசியற் சட்டமோ அம்மக்களுட் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் பறித்துவிட்டது. 1903-இல் டூ பாய்ஸ் என்னும் பேரறிஞர் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தெழுதினார். அச்சட்டத்தை எதிர்த்த வழக்கிற்கு வாஷிங்டன் தம் பெயர் வெளிப்படாமற் பொருளுதவி செய்தார் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. மறைவில் உதவியவர் வெளியில் வாய் திறவாமை ஏன்? தாம் அரும்பாடுபட்டு வளர்த்த உறவு முறிந்து பள்ளி அழியுமோ என்னும் அச்சமே காரணமாதல் கூடும். செங்கல்லால் வந்த நட்பு செங்கல்லளவில் நின்றுவிட்டது. எவர்பொருட்டு உறவு தேடினோமோ அவரை அவ்வுறவின்பொருட்டு மறந்துவிடலாகாது. சுற்றந்தழாலின் பின்னர்ப் பொச்சாவாமையை வைத்ததன் நுட்பம் இதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது.

வாஷிங்டன் 1915-இல் மறைந்தபொழுது, முப்பதின்மரோடு தொடங்கிய அப்பள்ளி ஏறக்குறைய 1,500 மாணாக்கரையும் நூறு கட்டடங்களையும் உடையதாயிருந்தது. இன்று அது பல்கலைக்கழகமாய்த் திகழ்கின்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகளும் 1903-இலேயே தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அவரைப் பாராட்டி எழுதினார்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவர். சிலர் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தலைவராகவும் அமர்வர். தலைமை வரும்வரை காத்திருத்தலும் வேண்டா. விடுதிச் செயலாளராயினும், சங்கத் தலைவராயினும், இம்முறை நமக்குரியதே. சமையற்கூடத்தில் உழைப்பவர் முகத்தையும், வகுப்பின் பின்வரிசையில் வாய் திறவாதிருப்பவர் உள்ளத்தையும் நாம் அறிவோமா? தொண்டு கொள்ளவன்றித் தொண்டு செய்யவே வந்த நம் ஆண்டவர், நீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் தாமே தண்ணீர் கேட்டு உரையாடலைத் தொடங்கினார். உயர்ந்தோர் முற்பட்டுச் சென்று பழகுதல் இழிவன்று என்பதற்கு அதுவே நமக்கு விளக்காகும். அறியாது ஆள்பவர் பிறரை வருத்துவர். அறிந்து தழுவி, தழுவியவரை மறவாது நிற்பவரே ஆளத் தக்கவர் என்க.